கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குற நெதர்லாந்து வெள்ளத்தை எப்படி சமாளிக்குது?

அணை, ராட்சச கேட் போட்டோவெல்லாம் மத்த பதில்கள்லயே வந்துடும், வேலைக்கு வந்து இங்க குடியிருக்குற ஆளா நான் காசும் அதிகாரமும் யார் கையில இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

நாட்டுல கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழ, வெள்ளம் வரக்கூடிய இடம்னு பார்த்தா கிட்டத்தட்ட 60 சதவீதம். இதைப் பார்த்துக்க 21 தண்ணி வாரியம் இருக்கு, முனிசிபாலிட்டி வேற இது வேற, இதுக்குன்னு தனி வரி, தனி தேர்தல். அதுல ஒண்ணான ரைன்லாந்து வாரியத்தைப் பத்தி 1255லயே பத்திரம் இருக்கு, நெதர்லாந்துன்னு ஒரு நாடே அப்போ கிடையாது!

வருஷாவருஷம் பில் வந்துடும். கழிவுநீர் வரி தனி ஆளா இருந்தா 1 யூனிட், வீட்டுல ரெண்டாவது ஆள் வந்துட்டா நேரா 3 யூனிட் (புதுசா கல்யாணம் ஆனவங்க நோட் பண்ணிக்கோங்க). ஆனா அந்தக் காசு மெட்ரோவுக்கோ சிலைக்கோ போகாது, கரை, பம்ப், வாய்க்கால், சுத்திகரிப்பு அவ்ளோதான், கரையில வளை தோண்டுற மஸ்க்ராட் எலியைப் பிடிக்கக்கூட சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்காங்க.

நாடாளுமன்றத்துக்கு எனக்கு ஓட்டு இல்ல, தண்ணி வாரியத்துக்கு உண்டு, முறையான ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தா போதும். 2008ல தபால்ல தேர்தல் நடத்தி கால்வாசிப் பேர்கூட ஓட்டு போடல, அதனால 2015ல இருந்து மாகாணத் தேர்தலோட சேர்த்தே நடத்துறாங்க.

இந்தத் தேர்தல்ல அப்படி என்னதான் சண்டைன்னா, வாய்க்கால்ல தண்ணி எவ்ளோ உயரம் நிக்கணும்ங்கிறதுதான். விவசாயிக்கு கம்மியா வேணும், டிராக்டரும் மாடும் சேத்துல மாட்டக்கூடாதுல்ல, ஆனா தண்ணி இறங்குச்சுன்னா பீட் மண்ணுல (ஈரத்துல முழுசா மக்காத செடிகொடி சேர்ந்து உண்டான மண்ணு) காத்து பட்டு மக்கி நிலமே கொஞ்சம் கொஞ்சமா தாழுது, பழைய வீடுங்க மரத்தூண் மேல நிக்குது, அந்தத் தூண் தண்ணிக்கு வெளிய வந்தா அழுகிடும், அப்புறம் சுவத்துல விரிசல்தான். இதை வாரியம் சென்டிமீட்டர் கணக்குல முடிவு பண்ணும். அந்த வாரியத்துல விவசாயிகளுக்கும் இயற்கைப் பாதுகாப்பு தரப்புக்கும் தேர்தலே இல்லாம தலா 2 சீட் ஒதுக்கியிருக்காங்க, எனக்கு அது சரியாப் படல.

கடல், பெரிய ஆறெல்லாம் மத்திய அரசோட ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்ங்கிற துறையோட பொறுப்பு. 1953 பிப்ரவரி 1 புயல்ல 1,836 பேர் செத்தாங்க, டெல்டா ஒர்க்ஸ்ங்கிற கடல் தடுப்பு அணை, கேட் எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான். 1995ல ஆறு பொங்கி ரெண்டரை லட்சம் பேரை வெளியேத்தினப்போ புத்தி வேற பக்கம் திரும்புச்சு, கரையை இன்னும் எவ்ளோதான் உசத்துறது, ஆத்துக்கே இடம் விட்டுடலாம்னு. நைமேகன் ஊர்ல வால் (Waal)ங்கிற ஆத்தோட கரையை 350 மீட்டர் உள்ள தள்ளி வெச்சாங்க, அதுக்கு சுமார் 50 வீடு போச்சு, ஜனங்க சும்மா விட்டுடல, வருஷக்கணக்கா எதிர்த்தாங்க.

இவ்ளோ இருந்தும் 2021 ஜூலையில ஃபால்கன்பர்க் ஊர் மூழ்குச்சு, அது மேடான லிம்பர்க் மாகாணத்துப் பக்கம், வெள்ளம் வந்ததும் ஒரு சின்ன ஆத்துல இருந்துதான். அரசாங்கம் தனிச் சட்டத்துல நஷ்டஈடு குடுத்துச்சு. சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் கடலோ பெரிய ஆறோ கரையை உடைச்சு வர்ற வெள்ளத்துக்கு பொதுவா காசு தராது, இங்க வீடு வாங்குற ஐடியா இருந்தா பாலிசியில அந்த வரியைத் தேடிப் படிச்சிட்டு கையெழுத்து போடுங்க.