ஆர்கனைசேஷன் தியரி படிக்கிற பிள்ளைங்களுக்கு: ரெண்டு நாளா வந்த கேள்விகளும் என் பதிலும்

வணக்கம். ரங்கூன், பெகு, மோல்மேன்னு பர்மாவுல பல ஊர்ல இருந்து, கம்பெனி, ஆபீஸ் மாதிரி அமைப்புங்க எப்படி நடக்குதுன்னு ஆராயிற ஆர்கனைசேஷன் தியரியை வச்சு மேனேஜ்மெண்ட் ரிசர்ச் பண்ற நம்ம பிள்ளைங்க கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி கேள்விகளைச் சேத்து மொத்தமா பதில் போடுறேன்.

ரங்கூன், எம்.பி.ஏ. படிக்கிற தங்கச்சி: அக்கா, தியரி லிஸ்ட் பாத்தாலே பயமா இருக்கு, இருபது முப்பது பேர் வர்றாங்க. எந்த வரிசையில படிக்கிறது?

பேரை வரிசையா மனப்பாடம் பண்ணாதம்மா, நிக்காது. ஒவ்வொரு தியரிக்குப் பின்னாடியும் யாரையோ தூங்கவிடாம பண்ணின ஒரு கேள்வி இருக்கு, அதைத் தேடு. பொருளாதார நிபுணர் கோஸ் 1937ல கேட்டது சின்னக் கேள்விதான், எல்லாத்தையும் சந்தையிலயே வாங்கி வித்துக்கலாமே, அப்புறம் கம்பெனின்னு ஒண்ணு எதுக்கு? அதையே பிடிச்சு 1975ல வில்லியம்சன் பெரிசா வளத்தாரு, ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு வந்துச்சு, 1991லயும் 2009லயும். பர்னார்ட் டெலிபோன் கம்பெனி நடத்தினவரு, 1938ல அவரு கேட்டது வேற: உத்தரவு போட்டா ஆளுங்க ஏன் கேக்குறாங்க, எப்ப கேக்க மாட்டாங்க? ஒரு நோட்டுல இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் அவங்க சொன்ன விடைன்னு எழுதிகிட்டே வா, முப்பது பேரும் ஆறேழு கேள்விக்குள்ள அடங்கிருவாங்க.

மோல்மேன் தம்பி: டேட்டா எல்லாம் எடுத்தாச்சு அக்கா. இப்ப சூப்பர்வைசர் தியரி எங்கேன்னு கேக்குறாரு. ஏஜென்சி தியரியை ரெண்டாவது சாப்டர்ல சேத்துட்டா போதுமா?

போதாது தம்பி. நானும் என் தீசிஸ்ல இதைத்தான் பண்ணினேன், திருப்பி அனுப்பிட்டாங்க, ஓரத்துல ஒரு வரி எழுதியிருந்துச்சு, "இந்த தியரி தப்புன்னா களத்துல நீ வேற என்ன பாத்திருப்பே?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த ஒரு வரியிலதான் நான் ரிசர்ச்சே கத்துகிட்டேன்.

நமக்குத் தெரிஞ்ச செட்டியார் வட்டிக்கடையையே எடுத்துக்குவோம், எங்க தாத்தா பெகுல ஒரு கடையில பேரேடு எழுதினவரு. முதலாளி செட்டிநாட்டுல, கடை பர்மாவுல, நடுவுல கடல். கடையை நடத்துற மேலாள் மூணு வருஷக் கணக்குக்கு வருவாரு, அவருக்குக் கீழ அடுத்தாள், பெட்டியடிப் பையன். கோடு தாண்டி நடந்தா முதலாளிக்கு எப்படித் தெரியும்? நீ கேட்ட ஏஜென்சி தியரி இந்த மாதிரி, ஒருத்தருக்காக இன்னொருத்தர் வேலை பாக்குற இடத்துல வர்ற சிக்கலைப் பத்தினதுதான். அதுல ஜென்சன், மெக்லிங் 1976ல எழுதினதை வச்சுப் பாத்தா, மேலாளுக்கு லாபத்துல பங்கு இருக்கு, கணக்கு ஊருக்குப் போகுது, அதனாலதான் ஒழுங்கா இருக்காரு. 1985ல கிரானோவெட்டர் எழுதினதை வச்சுப் பாத்தா, மூணு வருஷம் கழிச்சு அதே ஊருக்குத் திரும்பணும், அதே கோவில்ல நிக்கணும், புள்ளைக்குப் பொண்ணு எடுக்கணும், பேரு கெட்டா எல்லாம் போச்சு, அதனாலதான் ஒழுங்கா இருக்காரு. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, எது சரி?

இங்கதான் தியரி வேலை செய்யணும். சொந்தக்காரரான மேலாளுக்கும் சொந்தமில்லாதவருக்கும் பங்கு ஒரே அளவா, கணக்கு கேக்குறதுல கெடுபிடி ஒரே மாதிரியான்னு பாரு. உறவு இருக்கிற இடத்துல பங்கும் கெடுபிடியும் குறைஞ்சா உறவு வேலை செய்யுதுன்னு அர்த்தம். இன்னொண்ணு, நம்பிக்கை இருக்கிற இடத்துலதான் ஏமாத்தவும் வசதி அதிகம்னு கிரானோவெட்டரே அதே கட்டுரையில சொல்லியிருக்காரு, அதை விட்டுட்டு மேற்கோள் காட்டுறவங்கதான் நிறைய. உன் டேட்டாவுலயும் இப்படி ரெண்டு தியரி மோதுற ஒரு இடத்தைத் தேடு தம்பி, கிடைச்சா சாப்டர் தன்னைத்தானே எழுதிக்கும்.

பெகு அண்ணன் ஒருத்தர்: ஒரு தொழிலே மொத்தமா அழியுதுன்னா மேனேஜர்ங்க திறமை இல்லைன்னுதானே அர்த்தம்?

அப்படி மட்டும் சொல்லிற முடியாதுண்ணே. ஹன்னன், ஃப்ரீமேன் 1977ல சொன்னது, பல நேரம் அமைப்புங்க வேகமா மாற முடியாது, பழக்கம், முதலீடு, ஆளுங்க எல்லாம் பிடிச்சு இழுக்கும், சூழல் மாறினா அந்த ரகமே காணாமப் போகும். திரும்பவும் அதே கடைங்களைப் பாருங்க, 1930ல நெல் விலை விழுந்துச்சு, கடன் வாங்கின விவசாயியால கட்ட முடியல, நிலம் கடைக்கு வந்துச்சு. கீழ்ப் பர்மாவுல நெல்லு விளையிற 13 முக்கிய மாவட்டத்துல 1930ல செட்டியார்ங்க கையில இருந்த நிலம் 6 சதவீதம், 1938க்குள்ள 25 சதவீதம். பணத்தைச் சுத்தவிட்டு வட்டி வாங்கப் பழகின கடைக்கு நிலம் வந்து குவிஞ்சது சொத்து மாதிரி தெரியும், உண்மையில கை கட்டிப் போட்ட மாதிரி, சனங்க கோவம் வேற. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், 1948ல நில தேசியமயச் சட்டம் வந்துச்சு. இதுல எந்த மேலாளோட திறமையைக் குறை சொல்வீங்க?

ரங்கூன் தம்பி: பெட்டி பெட்டியா டயக்ராம், அம்புக்குறி, அஞ்சு ஹைபோதீசிஸ் (சோதிச்சுப் பாக்க வேண்டிய ஊகம்) ரெடி. தியரி முடிஞ்சுதா?

இல்லப்பா. சட்டன், ஸ்டா ரெண்டு பேரும் 1995ல இதையே எழுதினாங்க, மேற்கோள், டேட்டா, வேரியபிள் லிஸ்ட், டயக்ராம், ஹைபோதீசிஸ் இந்த அஞ்சும் தியரி ஆகாதுன்னு. அம்புக்குறி ஏன் அந்தப் பக்கம் போகுதுன்னு ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுது, அதுதான் தியரி.

பேரு போட வேணாம்னு கேட்டவங்க: ப்யூராக்ரசி, அதாவது விதிப்படி நடக்குற அதிகார அமைப்பு பத்தி எழுதின வெபர் பழசாச்சே, இன்னும் படிக்கணுமா?

படிங்க. லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு நாள் வரிசையில நின்னுட்டு வந்து படிங்க, பழசா தெரியாது.

மோல்மேன் தங்கச்சி: எனக்கு நாலு கடைதான் கிடைச்சுது அக்கா, கேஸ் ஸ்டடிக்குப் பத்துமா?

பத்தும்மா. ஐசென்ஹார்ட் 1989ல நாலுல இருந்து பத்து கேஸ் வரைக்கும் பொதுவா நல்லா வரும்னுதான் சொன்னாங்க. ஆனா நாலும் ஒரே அச்சா இருந்தா ஒரு கடையைப் பாத்த மாதிரிதான். எந்தக் கடை எதுல மாறுதுன்னு அரைப் பக்கம் எழுதி அனுப்பு, பாத்துச் சொல்றேன்.