8 ஜிபி ரேமில் ஆப் எழுதலாமா?

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போட்டிருக்கிறேன். எமுலேட்டரை (கணினித் திரையில் ஓடும் போலி போன்) திறந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. வேறு கணினி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்டூடியோ, கிரேடில் (கோடை ஆப்பாக்கும், அதாவது பில்டு செய்யும் கருவி), எமுலேட்டர் மூன்றும் ஒரே ரேமுக்குப் போட்டி போடுகின்றன. அதிலிருந்து எமுலேட்டரைக் கழற்றிவிடுங்கள்; சோதிக்க உங்கள் போன் போதும். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். போன் திரையில் அனுமதி கேட்கும். கொடுக்காவிட்டால் ஏடிபி (கணினியைப் போனோடு பேச வைக்கும் கருவி) பட்டியலில் 'அன்ஆத்தரைஸ்டு' என்றே காட்டும். பட்டியலில் போனே வரவில்லையா? டிரைவரைத் தேடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களால் வீணாகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல! ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபையிலும் இணைக்கலாம். போனும் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

எமுலேட்டர் வேண்டியே தீரும் என்றால், டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் (எமுலேட்டர் வேகமாக ஓட உதவும் பிராசஸர் வசதி) 'எனேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினி அமைப்புத் திரை) இன்டெல் கணினிக்கு விடி-எக்ஸ், ஏஎம்டிக்கு எஸ்விஎம் ஆன் செய்ய வேண்டும். பிறகு விண்டோஸ் ஃபீச்சர்ஸில் 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' டிக் செய்து ரீஸ்டார்ட். பழைய வீடியோக்கள் எமுலேட்டரை வேகப்படுத்த ஹாக்ஸம் என்ற மென்பொருளைப் போடச் சொல்லும். அதை இன்டெல் 2023-லேயே கைவிட்டுவிட்டது.

கேள்வி: ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஸ்டூடியோவுக்குள்ளேயே இருக்கிறது. டெர்மினலிலிருந்து பில்டு செய்பவர்கள் மட்டும் 'ஜாவா ஹோம்' மாறியில் ஸ்டூடியோ ஃபோல்டரில் உள்ள ஜேபிஆர் (ஸ்டூடியோவோடு வரும் ஜாவா) பாதையைக் கொடுக்கட்டும்.

கேள்வி: சி டிரைவ் நிரம்பிவிட்டது. எதை அழிக்கலாம்?

பதில்: அழிப்பதைவிட இடம் மாற்றுவதே மேல். இடத்தை விழுங்குபவை மூன்று: எஸ்டிகே (ஆண்ட்ராய்டு ஆப் எழுதத் தேவையான கருவித் தொகுப்பு), கிரேடில் கேஷ் (கிரேடில் இறக்கி வைத்திருக்கும் கோப்புகள்), எமுலேட்டர் கோப்புகள். எஸ்டிகே ஃபோல்டரை எஸ்டிகே மேனேஜரிலேயே மாற்றலாம். மற்ற இரண்டுக்கும் 'கிரேடில் யூசர் ஹோம்', 'ஆண்ட்ராய்டு ஏவிடி ஹோம்' என்று சூழல் மாறிகள் உண்டு (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு). புதிய பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். என்டிகே (சி, சி++ கோடுக்கானவை) கருவிகள் அங்கேதான் தடுக்கி விழும். எஸ்எஸ்டி அல்லாத டிஸ்க்குக்கு மாற்றினால் இடம் மிஞ்சும், பில்டு ஊரும்.

கேள்வி: இதே கணினியில் ஐபோன் ஆப்பும்?

பதில்: கோடு எழுதலாம். பில்டு செய்ய ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருள் வேண்டும். அது மேக்ஓஎஸ்ஸில் மட்டுமே ஓடும்.