குழந்தைக்கான சத்துமாவில் எத்தனை தானியம் சேர்க்க வேண்டும்?

குழந்தைக்கு ஆறு மாதம் முடியப் போகிறது, சத்துமாவை வீட்டிலேயே அரைக்கலாம் என்று பார்த்தால் ஒரு வீடியோவில் 12 பொருள், இன்னொன்றில் 27 பொருள் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டே போதும். கேழ்வரகு, பாசிப்பயறு.

தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு, பயறில் அது தாராளம். பயறில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைத் தானியம் ஈடுகட்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வேறு இருக்கிறது. 27 பொருளையும் ஒரே மாவாக்கிக் கொடுத்து, குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பாதாம், முந்திரி சேர்த்த மாவு நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காறியும் போகும்.

பொருள் எத்தனை என்பதை விட முளைகட்டுகிறீர்களா என்பதுதான் முக்கியம். இந்த வயதில் குழந்தையின் வயிறு, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும், அதாவது 7 கிலோ குழந்தைக்கு ஒரு டம்ளர் அளவு. சாதாரண மாவைக் காய்ச்சினால் கொஞ்சம் போட்டாலே களி மாதிரி இறுகிவிடும், குழந்தை துப்பும், உடனே நாம் வெந்நீர் ஊற்றி இளக்குவோம், வயிறு நிறையும், ஆனால் உள்ளே போனதில் முக்கால்வாசி தண்ணீர். முளைவிடும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உருவாகி மாவுச்சத்தை உடைக்கிறது, அதனால் மாவைக் கூட்டிப் போட்டாலும் கூழ் இளக்கமாகவே நிற்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வாளர்கள் 1982-லேயே இதே கேழ்வரகையும் பாசிப்பயறையும் முளைகட்டிக் கலந்த மாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் கெட்டியான கஞ்சியை இறக்கிவைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு ஸ்பூன் முளைகட்டிய மாவைப் போட்டுக் கிளறிப் பாருங்கள், கரண்டியில் அப்பிக்கொண்டிருந்தது சில நிமிடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் மறுபடி ஒரு கொதி விட வேண்டும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. 700 கிராம் கேழ்வரகு, 300 கிராம் பாசிப்பயறு, முதல் தடவை இதில் பாதியே போதும். கல் அரித்து, தனித்தனியாக ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டிவையுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாளில் முளைவிடும், மார்கழியில் இரண்டு நாள் ஆகலாம். நன்றாகக் காயவைத்து (ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும், அந்த மாவைச் சலித்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்), உள்ளங்கையில் தேய்த்து முளையை உதிர்த்துப் புடைத்துவிட்டு, சிறு தீயில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். கருக வறுத்தால் நொதி செத்துவிடும், அப்புறம் முளைகட்டியதே வீண்.

மில்லுக்குக் கொண்டுபோனால், மிளகாய் அரைத்த மெஷினில் போட்டுவிடாதீர்கள். “அரிசி அரைச்சதும் சொல்லுங்கண்ணே” என்று சொல்லிக் காத்திருப்பது நல்லது. இல்லையென்றால் வீட்டு மிக்ஸியே போதும், கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளலாம்.

காய்ச்சும்போது பத்து நிமிடமாவது வேகட்டும், இறக்கி அரை ஸ்பூன் நெய் விடுங்கள். பதம் எப்படி என்றால், ஸ்பூனைச் சாய்த்தால் தண்ணீராய் ஓடாமல் மெதுவாக வழிய வேண்டும். தாய்ப்பாலோடு தினம் இரண்டு மூன்று வேளை, முதலில் இரண்டு ஸ்பூனில் ஆரம்பித்தால் சரி. ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் தேவையில்லை, தேன் கூடவே கூடாது. யார் நாக்கில் தடவ வந்தாலும் தடுத்துவிடுங்கள், பாட்டியாகவே இருந்தாலும்.