ராஜினாமாக் கடிதத்தை ஒதுக்கி வையுங்கள், முதலில் சொக்சோவுக்குப் போங்கள்

கேள்வி: சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கு வயது 47. இதே தோட்டத்தில் 18 வருடம் செம்பனைப் பழம் வெட்டினார். மூன்று மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. "ராஜினாமாக் கடிதம் கொடுங்கள், கணக்கை முடித்துத் தருகிறோம்" என்கிறது தோட்ட ஆபீஸ். எனக்குச் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவும் அரை நாள் வேலை. பெரியவள் இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு, சின்னவன் தமிழ்ப்பள்ளி. 180 ரிங்கிட் கட்டினால் அரசாங்க உதவித்தொகை 10,000 ரிங்கிட் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டலாமா? வேறு எங்கே போய்க் கேட்பது?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. அரசாங்க உதவிக்கு விண்ணப்பப் பாரம் இலவசம். முன்பணம் கேட்கிற எதுவும் ஏமாற்றுதான், அதில் நம் தேசியக் கொடி ஜாலூர் கெமிலாங்கே பறந்தாலும் சரி. ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்குப் போன் செய்யுங்கள். வங்கி விவரமும் ஐசி (அடையாள அட்டை) படமும் அனுப்பியிருந்தால் வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த ராஜினாமாக் கடிதம். உடம்பு முடியாமல் போனதால் நிர்வாகம் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டு வேலை நீக்க இழப்பீட்டு விதிகளின்படி பணம் தர வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் சம்பளம். உங்கள் வீட்டுக்காரருக்கு 18 வருடம் என்றால் 360 நாள் சம்பளம். அவரே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. ஆபீஸ் கிராணி (கிளார்க்) நல்லவராகவே இருக்கலாம், அவசரத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் கைநாட்டு வைக்கவும் விடாதீர்கள். "நிறுத்துவதாக இருந்தால் நிர்வாகமே சூராட் (கடிதம்) தரட்டும்" என்று சொல்லுங்கள். அவர் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தில் உறுப்பினர் என்றால் கிளைத் தலைவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். அங்கே புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை.

அடுத்தது சொக்சோ, அதாவது மாதாமாதம் சந்தா பிடிக்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலையிடத்தில் அடிபட்டால்தான் சொக்சோ என்று தோட்டத்தில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வீட்டில் படுத்திருக்கும்போது வந்த ஸ்ட்ரோக்காக இருந்தாலும், நிரந்தரமாகச் சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் 'பென்சென் இலாட்' என்ற மாதப் பென்சன் உண்டு. 60 வயதுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனு போய்ச் சேரும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா இருந்தால் முழுப் பென்சன், அதாவது சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை.

அந்த 40 மாதக் கணக்கைக் கவனியுங்கள். வேலை நின்ற பிறகு சந்தா கட்டுவது யாரும் இல்லை. "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று ஒன்றரை வருடம் தள்ளினால், அந்த 40 மாதத்தில் காலி மாதங்கள் கூடிக்கொண்டே போய் 24 என்ற எண்ணிக்கை உடைந்துவிடும். அதனால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன். பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துச் சொக்சோ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தோட்டத்தின் பெயரில் இல்லாமல் காண்ட்ராக்டர் பெயரில் வேலை செய்த வருடங்கள் இருந்தால் அதை இன்னும் நன்றாகப் பாருங்கள். பிடித்தம் இல்லையென்றாலும் சொக்சோ ஆபீசில் சொல்லுங்கள். கட்டாதது முதலாளியின் குற்றம், உங்களுடையது இல்லை.

பென்சன் கிடைத்து, எப்போதும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய நிலை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால், கவனிப்புப் படியாக மாதம் 500 ரிங்கிட் தனியாக வரும். உடற்பயிற்சி சிகிச்சைக்கு மலாக்காவில் இருக்கும் சொக்சோ மறுவாழ்வு மையத்தைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பிலும் இயலாமைக்காகச் சேமிப்பை எடுக்கலாம். அதோடு ஒரே ஒரு முறை 5,000 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. இதற்கும் காலக்கெடு இருக்கிறது, சொக்சோ வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். மொத்தப் பணமும் கைக்கு வரும் நாளில் கடன் கேட்டு உறவு வரும், வேன் வாங்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் வரும். யாரிடமும் தொகையைச் சொல்லாதீர்கள்.

இவையெல்லாம் உங்கள் கணவர் உழைத்துச் சேர்த்த உரிமை. நலத்துறை உதவி வேறு. பென்சன் முடிவாகச் சில மாதம் பிடிக்கும், அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. கோலசிலாங்கூரில் உள்ள ஜேகேஎம் (நலத்துறை) ஆபீசில் 'ஜேகேஎம் 18' பாரம் வாங்குங்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கான உதவி, பிள்ளைகளுக்கான உதவி இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "உதவி வேண்டும்" என்றால் ஒன்றை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிக்கான ஓகேயூ அட்டைக்கும் அங்கேதான் பதிய வேண்டும். அதற்கு டாக்டரின் உறுதி தேவை. விசாரிக்க அதிகாரி வீட்டுக்கு வருவார். வருகிறார் என்பதற்காகக் கடன் வாங்கி வீட்டை அழகுபடுத்த வேண்டாம், இருக்கிறபடியே பார்க்கட்டும். பென்சன் வந்ததும் ஜேகேஎம்மிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அதே ஊரில் மாவட்ட ஆபீசும் இருக்கிறது, ஏழைக் குடும்பங்களின் பட்டியலான ஈ-காசேவில் பெயர் பதியக் கேளுங்கள். மத்திய அரசின் ரொக்க உதவியான எஸ்டிஆர் ஏற்கெனவே வருகிறது என்றால் குறைந்துபோன வருமானத்தைப் புதுப்பியுங்கள். மாநில அரசின் பிங்காஸ் உதவித் திட்டத்துக்கு மனுத் திறக்கும்போது போடுங்கள். பள்ளியில் இரு வகுப்பாசிரியர்களிடமும் நிலைமையைச் சொல்லுங்கள். ஏழை மாணவர் அறநிதிக்கு மனு பள்ளி வழியாகத்தான் போகும், சின்னவனுக்குப் பள்ளியில் இலவச உணவும் கிடைக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டணமோ சக்கர நாற்காலியோ இடித்தால் அங்குள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேளுங்கள். இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் பணம் பெரும்பாலும் திட்டங்கள் வழியாகத்தான் வரும், அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட கல்யாணமா, பதிவு இலாகாவான ஜேபிஎன்னில் பதிந்ததா? பதியவில்லையென்றால் தாமதப் பதிவுக்கு இப்போதே விசாரியுங்கள். மனைவி என்ற முறையில் நீங்கள் எதைக் கேட்டாலும் திருமணச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். கணவரின் ஐசி, பிள்ளைகளின் பிறப்புச் சூராட், டாக்டர் ரிப்போர்ட், சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் நகல் எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். எந்த ஆபீசில் எதைக் கொடுத்தாலும் உங்கள் நகலில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்காமல் வெளியே வராதீர்கள்.