கீழே விழுந்தவுடன் சிறிது நேரம் மூச்சு வராமல் போவது ஏன்?

மாடிப்படியில் வழுக்கி முதுகு அடிபட விழுந்த உங்கள் மகன், வாயைத் திறந்தும் அரை நிமிடம் வரை மூச்சுவிடவோ அழவோ முடியாமல் தவித்தான் என்று எழுதி, அதற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தவிப்பை நான் அனுபவித்திருக்கிறேன். பர்மாவில் பெகு நகரில் வளர்ந்த எனக்கு அப்போது 14 வயது. மழைக்காலத்து மாலையொன்றில், பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடும் சின்லோன் ஆட்டத்தில், பந்தை முதுகுக்குப் பின்னால் உதைக்கப் போய் ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தேன். வலியைவிட, மூச்சு இனி வரவே வராது என்ற அச்சம்தான் இன்றும் நினைவில் நிற்கிறது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை, குடை விரித்தாற்போல் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது மூச்சு உள்ளே வருகிறது. தளர்ந்து மேலே எழும்போது வெளியே போகிறது. முதுகிலோ மேல்வயிற்றிலோ பலமான அடி விழுந்தால், நுரையீரலில் இருக்கும் காற்றின் ஒரு பகுதி சட்டென்று வெளியே தள்ளப்படுகிறது. விழும்போது கேட்கும் ‘ஹக்’ என்ற ஒலி அதுதான். அதோடு, இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் நரம்புப் பின்னலும் அதிர்ந்து, உதரவிதானம் இசிவு கண்டு இறுகிவிடுகிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் அதை நம் விருப்பப்படி அசைக்க முடியாதல்லவா, அந்த நிலைதான் இதற்கும். தொண்டையில் அடைப்பு எதுவும் இல்லை. காற்றை இழுக்க வேண்டிய தசைதான் சற்று நேரம் வேலை செய்வதில்லை. உங்கள் மகன் அழாததற்கும் இதுவே காரணம், ஏனெனில் வெளியேறும் மூச்சு குரல்நாண்களை அதிரவைத்தால்தான் குரல் பிறக்கும்.

அந்த நேரத்தில் நுரையீரல் வெறுமையாகிவிடுவதில்லை. வளர்ந்தவர் ஒருவர் முழு மூச்சையும் வெளியே விட்ட பிறகும் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் காற்று எஞ்சியிருக்கும். இரத்தத்திலும் ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே இசிவு தளரும் வரை உடல் தாங்கும். பெரும்பாலும் சில நொடிகளிலோ, ஓரிரு நிமிடங்களுக்குள்ளோ மூச்சு தானாகத் திரும்பிவிடும்.

நான் விழுந்தபோது ஒருவர் முதுகில் தட்டினார், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்ற முயன்றார். இரண்டும் தவறு என்று பிற்பாடுதான் அறிந்தேன். மூச்சே ஒழுங்காக வராத பிள்ளைக்குத் தண்ணீர் புரையேறினால் வேறு ஆபத்து. என் பெரியப்பாதான் அவர்களை விலக்கிவிட்டு, என் இடுப்புத் துணியைத் தளர்த்தி, அருகில் அமர்ந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். அச்சம் தணிந்ததும் சிறு சிறு மூச்சாக வரத் தொடங்கியது. மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் விடச் சொல்வதும், முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வதும் உதவும். ஆனால் கழுத்திலோ முதுகெலும்பிலோ வலி, கைகால் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் அசைக்கவே கூடாது.

ஓரிரு நிமிடங்களுக்குப் பிறகும் மூச்சு திணறினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ தாமதிக்கக் கூடாது. விலா எலும்பு முறிந்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். உங்கள் மகனுக்கு மூச்சு சீரான பின்னரும் வயிற்றைக் கவனியுங்கள். இடப்பக்க விலாவுக்குக் கீழே உள்ள மண்ணீரலில் அடிபட்டிருந்தால், சில மணி நேரம் கழித்தும் வயிற்று வலியோ, இடத் தோளில் வலியோ, தலைசுற்றலோ தோன்றலாம். அப்படித் தோன்றினால் விடியும் வரை காத்திருக்காமல் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.