பதினொன்றாவது மலைக்கு எதிரே ஒரு குறி

கேள்வி: இருபத்தாறு வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் முப்பது மலைகளின் பெயர்களை எழுதிவைத்தேன். எல்லாவற்றின் உச்சியிலும் ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும் என்று ஆசை. திருமணம், குழந்தை, இடமாற்றம், அம்மாவின் நோய் என்று நடுவில் எத்தனையோ வந்தன. நான்கு வருடங்கள் ஒரு மலைகூட ஏறாமல் போனதும் உண்டு. ஆனாலும் விடவில்லை. போன மாதம், நாற்பத்தொன்பது வயதில், முப்பதாவது மலையையும் ஏறிவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. கணவர் முப்பது பெயர்களையும் அச்சடித்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பதினொன்றாவது பெயரில் என் கண் நின்றுவிடுகிறது.

பதினான்கு வருடங்களுக்கு முன் அந்த மலையில் கடும் மூட்டம், பலத்த காற்று. ஒரு கற்குவியலை அடைந்ததும் வழிகாட்டி, "இதுதான் உச்சி, உடனே இறங்க வேண்டும்" என்றார். ஒரு கணம் மூட்டம் விலகியபோது, சிறு பள்ளத்துக்கு அப்பால் இன்னும் உயரமான மேடு தெரிந்தது. நானும் பார்த்தேன், என் தோழியும் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் இறங்கினோம். வீட்டுக்கு வந்து நோட்டில் தேதி எழுதிக் குறி போட்டேன். "கால் மணி நேர நடைதானே பாக்கி, யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறாள் தோழி. என் முழங்காலும் முன்போல் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முடித்த நாளிலிருந்து மனம் வெறிச்சென்று கிடக்கிறது. அந்தப் பொய்தான் காரணமா? நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

அன்று இறங்கியது சரி. குறி போட்டதுதான் தவறு. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பதினான்கு வருடங்கள் சுமந்திருக்கிறீர்கள். முதலில் அதைப் பிரித்துவிடலாம்.

மூட்டமும் காற்றும் சேர்ந்துவிட்ட முகட்டில் கால் மணி நேரம் என்பது சின்னத் தொலைவு அல்ல. போக ஒரு கால் மணி, திரும்ப ஒரு கால் மணி, நடுவில் வழி தெரியாத ஒரு பள்ளம். உங்கள் வழிகாட்டி "இதுதான் உச்சி" என்று சொன்னது பிழை. "இறங்க வேண்டும்" என்று சொன்னது பிழை அல்ல. அந்த நிலையில் பொறுப்புள்ள எவரும் திருப்பிக் கூட்டிவந்திருப்பார்கள். அங்கே நீங்கள் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவதில் ஒரு குறையும் இல்லை. கஞ்சன்ஜங்காவை முதன்முதலில் ஏறியவர்களே அப்படித்தான் நின்றார்கள். 1955 மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடிகள் இருக்கும்போது நின்றுகொண்டார்கள். அது புனித மலை, உச்சியில் கால் வைக்கமாட்டோம் என்று சிக்கிம் மன்னருக்கு அவர்களுடைய குழு வாக்குக் கொடுத்திருந்தது. முதல் ஏற்றம் என்ற பெருமையை அவர்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. ஏனென்றால் எங்கே நின்றோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஏறிய உயரத்தை ஏறிய உயரமாகவே சொல்லிவிட்டால் அதில் மனத்தை உறுத்த ஒன்றும் இல்லை. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் அன்று எழுதாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.

அறியாமல் குறி போட்டவர்களும் ஏராளம். நேபாளத்தில் இருக்கும் மனாஸ்லு, 8163 மீட்டர். ஏறுவோர் பிடித்துப் போகக் கட்டிய கயிறு எங்கே முடிகிறதோ அதுவே உச்சி என்று நம்பி, உச்சிக்கு முன்னால் இருக்கும் முகட்டோடு திரும்பியவர்கள் பல வருடங்களாகப் பலர். 2021-ல் ட்ரோனிலிருந்து எடுத்த ஒரு படம் வெளிவந்தது. எல்லோரும் வழக்கமாக நிற்கும் இடம் ஒரு பக்கம் இருக்க, ஒரு சிறிய குழு அதையும் தாண்டி உண்மையான உச்சியை நோக்கிப் போவது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பதிவுகளின் விதியே மாறியது. முன்பு ஏறியவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் குறி போட்டிருந்தார்கள், அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்களுக்கும் அதே மன்னிப்பைக் கொடுத்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த மேட்டைப் பார்த்தீர்கள். பார்த்தேன் என்று உங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள். தோழியின் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது: தெரிய வேண்டியவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹியூ மன்றோ என்பவர் 1891-ல் பட்டியலிட்டார். இப்போது அதில் 282 மலைகள் இருக்கின்றன. அத்தனையும் ஏறி முடித்தவர்கள் அங்குள்ள மலையேற்றச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், எண் கொடுத்துப் பதிந்துகொள்வார்கள். படம், சாட்சி, சான்று எதுவும் கேட்பதில்லை. ஏறியவரின் வார்த்தைதான் ஆதாரம். உலகமறிந்த பட்டியலுக்கே இதுதான் நடைமுறை என்றால், உங்கள் கையெழுத்தில் நீங்களே எழுதிய பட்டியலுக்கு வேறு யார் அதிகாரி? கால் மணி நேர நடைக்காக இருபத்துமூன்று வருடங்களைக் கெடுத்துக்கொள்வதாகத் தோழி நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற இருபத்தொன்பது குறிகளும் எவ்வளவு சுத்தமாக இருந்தால் இந்த ஒன்று இப்படி உறுத்தும்!

எட் வீஸ்டர்ஸ் என்ற அமெரிக்க மலையேறி 1993-ல் திபெத்தில் இருக்கும் ஷிஷாபங்மா மலையின் நடு உச்சி வரை போனார். முதன்மை உச்சி அதைவிடச் சிறிதே உயரம், ஆனால் இடையில் கத்தி முனைபோல ஒரு பனி முகடு, தனியாக வேறு இருந்தார். திரும்பிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். எட்டு வருடங்கள் கழித்து, 2001-ல், அதே மலைக்கு மறுபடி போய் அந்தச் சில அடிகளை ஏறி முடித்துவிட்டு வந்தார். உலகில் எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு மலைகளையும் ஏறியவர் என்று அவரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இரண்டாவது பயணம்தான்.

ஆகவே, முழங்கால் இடம் கொடுத்தால் போய்வாருங்கள். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், முழங்கால் வாங்கிக் கட்டிக்கொள்வது இறங்கும்போதுதான். தொடைத் தசை உறுதியாக இருந்தால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும் என்பதால், மூன்று மாதமாவது பயிற்சி செய்யுங்கள். மாடிப்படிகளில் நிதானமாக இறங்கிப் பழகுவதும் அதில் சேரட்டும். இரண்டு ஊன்றுகோல்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் அவற்றைச் சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள். வானம் தெளிந்திருக்கும் பருவமாகப் பார்த்து, விடியும் முன் கிளம்புங்கள். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள், மலையில் வைத்து அந்த முடிவை எடுக்க முடியாது. அருகருகே இரண்டு மேடுகள் இருக்கும் இடத்தில் கைபேசி காட்டும் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள், சில மீட்டர்கள் முன்பின் ஆகும். சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் உண்மையான உச்சியை முன்கூட்டியே குறித்துவையுங்கள். அந்த மேடு வரை போயிருக்கும் ஒருவரைத் துணைக்குத் தேடுங்கள். தோழியையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்று சொன்னாலும், கூப்பிட்டதாக இருக்கட்டும். அந்தப் பள்ளத்தின் இந்தப் பக்கத்தில் அவரும்தானே நின்றார்?

மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூட்டைக் கெடுத்துக்கொண்டு ஒரு நேர்த்திக்கடனும் தீர்க்க வேண்டாம். 'உச்சிக்குக் கால் மணி நேரம் முன்பு வரை' என்று நோட்டில் எழுதுங்கள். இருபத்தொன்பது மலைகளும் ஒரு முகடும் ஏறியவர் என்பதும் பெரிய பெயர்தான். மன்றோவே தன் பட்டியலை முடிக்காமல்தான் 1919-ல் இறந்தார். கடைசியாக ஏறலாம் என்று அவர் ஆசையாக எடுத்துவைத்திருந்த மலை ஏறப்படாமலே நின்றுபோயிற்று. பின்னாளில் பட்டியலைத் திருத்தியவர்கள் அது தனி மலையே அல்ல என்று நீக்கியும்விட்டார்கள்.

அடுத்து அந்த வெறுமை. பொய்தான் காரணமா என்று கேட்கிறீர்கள். இல்லை என்றே நினைக்கிறேன். பதினொன்றாவது மலையை ஒழுங்காக ஏறியிருந்தாலும் இது வந்திருக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திரும்பப் போய் ஏறிவிட்டு வந்த பிறகும் வீடு வெறிச்சென்று இருப்பதைக் கண்டு அதிர்ந்துபோவீர்கள். இருபத்துமூன்று வருடங்களாக ஒவ்வொரு விடுமுறைக்கும் உங்களிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. எந்த மலை, எந்த மாதம், யார் வருவார், அம்மாவை யார் பார்த்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். உச்சியில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் இரண்டு மூன்று நாள் தேறுமா? மீதி எல்லாம் ஏற்பாடும் காத்திருப்பும். நீங்கள் இழந்திருப்பது அதைத்தான். அந்த நான்கு வருட இடைவெளியில்கூட அது உங்களை விட்டுப் போகவில்லை, அடுத்தது இருந்தது.

இந்த இழப்புக்குக் கொஞ்ச நாள் துக்கப்படுவது நியாயம். அவசரமாக இன்னொரு முப்பதை எழுதாதீர்கள். ஃபுகாதா கியூயா என்ற ஜப்பானியர், தாம் ஏறிய மலைகளிலிருந்து நூறைத் தேர்ந்து 1964-ல் நூலாக எழுதினார். அந்த நூறையும் ஏறி முடிப்பதை இன்றும் எத்தனையோ பேர் வாழ்நாள் ஆசையாக வைத்திருக்கிறார்கள். நூல் வந்த பிறகும் அவர் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1971-ல் அவர் உயிர் பிரிந்ததும் ஒரு மலையில்தான். கயாகதாகே என்ற அந்த மலை அவருடைய நூறில் இல்லை. பெயர் எழுதாத ஒரு மலைக்கு, எந்தக் கணக்கும் இல்லாமல், ஒருநாள் போய்ப் பாருங்கள். உச்சிக்குப் போகாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் சரி. உங்கள் குழந்தை கூட வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள். உங்கள் முப்பதை மட்டும் அந்தத் தோள்களில் ஏற்றிவிடாதீர்கள்.

கணவரிடம் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏறிவிட்டு வந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். முப்பது பெயர்களையும் ஒன்று விடாமல் தேடி எடுத்து அச்சடித்தவர் அவர். சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டிய அவசியமும் இல்லை. நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பதினொன்றாவது பெயருக்கு எதிரே பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதி இருக்கும். அதை அடிக்காதீர்கள், அன்று அவ்வளவு தூரம் போனது உண்மை. அதன் அருகில் இன்னொரு தேதி எழுத இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.