இளையர் இசைக் குழுக்களுக்கு மானியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஆறு தொண்டூழியர்கள். சமூக மன்ற அறை ஒன்றில் சனிக்கிழமைதோறும் 13 முதல் 17 வயது வரையிலான 20 பிள்ளைகளுக்கு மிருதங்கமும் உறுமியும் கீபோர்டும் சொல்லித்தருகிறோம். இதுவரை எல்லாம் கைக்காசில்தான் நடக்கிறது. நாங்கள் பதிவுபெற்ற சங்கமும் இல்லை. மானியம் கேட்க முடியுமா?
(ஈசூன் வாசகி)

பதில்: முடியும். சிங்கப்பூரின் சங்கச் சட்டப்படி பதிவுசெய்ய வேண்டிய கட்டாயம் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்த அமைப்புக்குத்தான் உண்டு என்பதால், பிள்ளைகளை உறுப்பினர்களாகச் சேர்க்காதவரை நீங்கள் ஆறு பேரும் இப்படியே தொடரலாம். தேசியக் கலைகள் மன்றத்தின் ‘பிரசென்டேஷன் அண்ட் பார்ட்டிசிபேஷன்’ மானியத்துக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். அரசாங்க மானியங்களுக்கான ‘அவர்எஸ்ஜி கிராண்ட்ஸ்’ இணையவாசலில் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் வழியாக நுழைந்து விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். ஆனால், அப்படிச் செய்யும்போது பணத்துக்கான பொறுப்பு முழுவதும் விண்ணப்பித்தவர் ஒருவரின் தலைமீது விழும். ஆகவே யார் என்ன செலவுக்குப் பொறுப்பு என்பதை ஆறு பேரும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்; குழுவின் வரவு செலவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கும் இருக்கட்டும்.

உங்களில் 35 வயதுக்கு உட்பட்டோர் இருந்தால் தேசிய இளையர் மன்றத்தின் ‘யங் சேஞ்ச்மேக்கர்ஸ்’ மானியத்தையும் பாருங்கள். அந்த மன்றம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை இளையர் என்று கொள்வதால், உங்கள் மூத்த மாணவர்களையும் திட்டம் வகுப்பதில் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எழுதிய விண்ணப்பத்தைவிட, பிள்ளைகளும் சேர்ந்து எழுதிய விண்ணப்பத்தில் உண்மை கூடுதலாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கே கேட்பது என்பதைவிட என்ன கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நான் படித்துப் பார்த்த வரைவுகள் பலவும் ‘இசை பிள்ளைகளின் தன்னம்பிக்கையை வளர்க்கும்’ என்று தொடங்கி, வாத்தியங்களின் விலைப்பட்டியலில் போய் முடிந்தன. மானியம் தருபவர் வாங்க விரும்புவது வாத்தியங்களையல்ல. அந்தப் பிள்ளைகளுக்குள் நிகழப்போகும் ஒரு மாற்றத்தை. உங்கள் 20 பேரில் எத்தனை பேர் வீட்டில் வாத்தியமே இல்லை, அவர்கள் எந்த நாளில் எங்கே உட்கார்ந்து சாதகம் செய்வார்கள், 12 வாரம் கழித்து ஆதி தாளத்தில் எதை வாசித்துக் காட்டுவார்கள், பாதியில் நின்றுபோன பிள்ளையைத் தேடிப் போவது யார் என்று எழுதுங்கள். இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் செலவுக் கணக்கு தானாக வந்து நிற்கும். வாத்தியங்களை விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கோ இரவலாகவோ பெறுவதாகக் காட்டினால் கேட்கும் தொகையும் குறையும். திட்டம் முடிந்தபின் அவை யாருக்குச் சொந்தம் என்ற சச்சரவும் எழாது.

முழுச் செலவையும் ஒரே மானியம் ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மீதிக்கு நன்கொடை, இலவசமாகக் கிடைக்கும் இடம், தொண்டூழியர் உழைப்பு என எதையாவது காட்ட வேண்டியிருக்கும். பணமும் பெரும்பாலும் தவணை முறையில்தான் வரும். கடைசித் தவணை, அறிக்கையும் கணக்கும் ஒப்படைத்த பிறகே கைக்கு எட்டும். ஒரு குழுவுக்கு நான் பொருளாளராக இருந்தபோது பற்றுச்சீட்டுகளைச் சரியாகத் திரட்டி வைக்காததால் அந்த அறிக்கை தாமதமானது. மிருதங்க ஆசிரியருக்குத் தரவேண்டிய சம்பளத்தை எங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தோம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்றாலும், அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. திட்டம் தொடங்கும் நாளிலேயே ஒருவரிடம் பற்றுச்சீட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். பொதுமக்கள் முன்னிலையில் திரைப்பாடல்களை வாசிப்பதானால் இசைப் படைப்பாளர்களின் காப்புரிமைத் தொகையைத் திரட்டும் ‘காம்பஸ்’ அமைப்பின் உரிமக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். பிள்ளைகளின் படங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை.

கேள்வி: எங்களுடையது பதிவுபெற்ற அறநிறுவனம். வணிகர் ஒருவர் 10,000 வெள்ளி தர முன்வந்திருக்கிறார். அதைப் பெருக்க வழியுண்டா?
(செங்காங் வாசகர்)

பதில்: உண்டு, உங்கள் அறநிறுவனத்தின் முதன்மை நோக்கம் கலை அல்லது மரபுடைமையாக இருந்தால். 2013ஆம் ஆண்டு 200 மில்லியன் வெள்ளியுடன் தொடங்கப்பட்டுப் பின்னர் பலமுறை கூடுதல் நிதி பெற்ற ‘கல்ச்சுரல் மேட்சிங் ஃபண்ட்’, தனியார் தரும் ரொக்க நன்கொடைக்கு வெள்ளிக்கு வெள்ளி ஈடு தருகிறது. ஒவ்வோர் அமைப்புக்கும் உச்சவரம்பு உண்டு. 10,000 வெள்ளிக்கு அது தடையாக வராது. வணிகர் ரொக்கமாகத் தராமல் ஒலிபெருக்கி வாங்கித் தருகிறேன் என்றால் அதற்கு ஈடு கிடைக்காது என்பதை அவரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் அமைப்புக்கு ஐபிசி எனப்படும் பொது நல அமைப்புத் தகுதியும் இருக்குமானால் அவருக்கு நன்கொடைத் தொகையின் 250 விழுக்காடு அளவுக்கு வரிக்கழிவு கிடைக்கும். அவர் மனத்தை உறுதிப்படுத்த இந்தத் தகவலே போதுமானது.

கேள்வி: இங்கிலாந்தின் ‘யூத் மியூசிக்’ அறநிறுவனம் இளையர் இசைத் திட்டங்களுக்குத் தாராளமாக உதவுகிறதாமே, நாம் விண்ணப்பிக்கலாமா?
(ஜூரோங் வாசகர்)

பதில்: இயலாது. 1999ஆம் ஆண்டு அமைந்த அது, அந்நாட்டின் தேசிய லாட்டரிப் பணத்தைக் கொண்டு அங்குள்ள அமைப்புகளுக்கே உதவுகிறது. இங்கும் சிங்கப்பூர் பூல்ஸின் 4டி, டோட்டோ போன்ற லாட்டரிகளின் உபரி வருவாயை டோட் போர்டு என்ற அரசாங்க அமைப்பு நற்பணிகளுக்கு வழங்குகிறது. பள்ளிகள் கலைப் பயிற்சிகளை ஏற்பாடு செய்வதற்கான ‘டோட் போர்டு ஆர்ட்ஸ் கிராண்ட்’ அவற்றில் ஒன்று. தேசியக் கலைகள் மன்றத்தின் கலைக்கல்வித் திட்டப் பட்டியலில் உங்கள் பயிற்சி இடம்பெற்றால், பள்ளிகள் அந்த உதவித்தொகையோடு உங்களை அழைக்க முடியும். முதலில் உங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றின் இசை ஆசிரியரிடம் பேசி, மாணவர்களுக்கு எது தேவைப்படுகிறது என்று கேட்டுவாருங்கள்.